மிடி கீபோர்டும் இசை மென்பொருளும்: சத்தம் எங்கே நிற்கிறது, எப்படி வரவழைப்பது

கேள்வி: மிடி கீபோர்டை யூஎஸ்பி மூலம் கணினியோடு இணைத்துவிட்டேன், விளக்கும் எரிகிறது. ஆனால் மென்பொருளில் சத்தமே வரவில்லை. சில சமயம் வந்தாலும் விரல் பட்டுக் கொஞ்சம் கழித்துத்தான் கேட்கிறது. ஒழுங்காக வாசித்து ரெக்கார்ட் செய்ய என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் எண்களால் பேசிக்கொள்ளும் முறை. மிடி கீபோர்டுக்குச் சொந்தமாகக் குரல் கிடையாது. உள்ளே பியானோவும் இல்லை, வயலினும் இல்லை. அது அனுப்புவது எண்களை மட்டும்தான். சத்தம் வரவில்லை என்றால் அந்த எண்கள் வழியில் எங்கோ நின்றுவிட்டன என்று பொருள். எங்கே நின்றன என்று தேடுவதுதான் வேலை.

ஒரு கட்டையை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு மின்தொடர்புகள் உண்டு. கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று சேரும், அடுத்த கணம் இன்னொன்று சேரும். இரண்டுக்கும் நடுவில் கழிந்த நேரத்தை உள்ளே இருக்கும் சிப் அளக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் ஓங்கி அடித்தீர்கள், அதிகமாக இருந்தால் மெல்லத் தொட்டீர்கள். அது 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகிறது. அதைத்தான் வெலாசிட்டி என்கிறோம். நடு சி கட்டையை மிதமாக அழுத்தினால் 144, 60, 87 என்பதுபோல மூன்று எண்கள் கிளம்பும். 144 என்றால் முதல் சேனலில் ஒரு நோட் (சுரம்) தொடங்கியது, 60 என்பது அந்த நோட், 87 அதன் வெலாசிட்டி. விரலை எடுத்ததும் 128 என்று தொடங்கும் இன்னொரு மூன்று எண்கள் போகும். சில கீபோர்டுகள் அதற்குப் பதில் 144, 60, 0 என்று அனுப்பும். வெலாசிட்டி 0 என்றால் நோட் முடிந்தது என்றே எல்லாக் கருவிகளும் எடுத்துக்கொள்ளும்.

1983-இல் மின்னணு இசைக்கருவித் தயாரிப்பாளர்களான டேவ் ஸ்மித், இகுதாரோ ககேஹாஷி முதலியோரின் முயற்சியில் வெளிவந்த ஏற்பாடு மிடி. அன்றைக்கு வந்த சிந்தசைசரை இன்றைய மடிக்கணினியோடு இணைத்தாலும் இதே எண்கள்தான் பேசிக்கொள்கின்றன. மின்னணுக் கருவிகளில் இப்படி நீடித்த வேறு உடன்பாட்டைக் காண்பது அரிது.

இந்த எண்கள் கேபிள் வழியாக இயங்குதளத்துக்கு வருகின்றன. அங்கிருந்து மென்பொருளின் மிடி இன்புட், பிறகு ரெக்கார்டுக்குத் தயாராக இருக்கும் டிராக் (ஒரு கருவியின் வாசிப்பு பதிவாகும் வரிசை), அதில் இருக்கும் இசைக்கருவி பிளகின் (மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை நிரல்). பிளகின்தான் எண்ணைச் சத்தமாக்குகிறது. அந்தச் சத்தம் ஆடியோ டிரைவர் வழியாக ஹெட்போனுக்குப் போகிறது. இந்த வழியை நடுவில் வெட்டிப் பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பல மென்பொருள்களில் கணினியின் எழுத்து விசைப்பலகையையே பியானோவாக வாசிக்கலாம். ஏபிள்டன் லைவில் எம் விசை, எஃப்எல் ஸ்டுடியோவில் கன்ட்ரோல்-டி, லாஜிக்கில் கமாண்ட்-கே. அதில் வாசித்துச் சத்தம் வந்தால் பிளகினும் ஆடியோவும் நன்றாக இருக்கின்றன. கோளாறு கீபோர்டுக்கும் மென்பொருளுக்கும் நடுவில். வரவில்லை என்றால் கீபோர்டைத் தொடவே வேண்டாம், டிராக்கையும் ஆடியோ அமைப்பையும் பாருங்கள். இதைச் செய்யாமல் டிரைவரை அழித்து அழித்து நிறுவுவதில்தான் பலருக்கும் நேரம் போகிறது.

கீபோர்டுப் பக்கம் கோளாறு என்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல் விழ வேண்டும். செல்போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரம் செல்லும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவு செல்லும் கம்பிகள் இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கோ கீபோர்டு இருப்பதே தெரியாது. விளக்கு எரிவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தரவு போகும் என்று உறுதியாகத் தெரிந்த கேபிளால் மாற்றிப் பாருங்கள். யூஎஸ்பி ஹப் நடுவில் இருந்தால் கழற்றிவிட்டுக் கணினியில் நேராகச் செருகுங்கள். இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலானவை தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். வட்டமான 5 முள் பிளக் உள்ள பழைய கீபோர்டு என்றால், கீபோர்டின் அவுட் கணினிப் பக்கத்து இன்டர்ஃபேஸின் இன்னுக்குப் போக வேண்டும். மலிவான யூஎஸ்பி-மிடி கேபிள்களில் இன், அவுட் என்று எழுதியிருப்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு அர்த்தத்தில் எழுதுகிறார்கள். சத்தம் வராவிட்டால் இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். அதனால் எதுவும் கெட்டுப்போகாது.

வின்டோஸில் இன்னொரு சிக்கல். பல டிரைவர்களில் ஒரு மிடி இன்புட்டை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். பின்னால் தனியாக ஒரு பியானோ செயலியோ, மிடியைப் பயன்படுத்தும் வலைப்பக்கமோ திறந்திருந்தால் உங்கள் மென்பொருளுக்குக் கீபோர்டு கிடைக்காது. எல்லாவற்றையும் மூடிவிட்டு, கீபோர்டைச் செருகிய பிறகு மென்பொருளைத் திறங்கள். சில மென்பொருள்கள் திறக்கும்போது மட்டுமே கருவிகளைத் தேடும், அதனால் இந்த வரிசை முக்கியம். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் கீபோர்டு காணாமல் போகிறது என்றால், யூஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வசதியை வின்டோஸ் அமைப்புகளில் அணைத்துவிடுங்கள்.

மென்பொருளுக்குள் ஒவ்வொன்றிலும் பெயர் மாறும், செயல் ஒன்றுதான்: மிடி அமைப்புப் பக்கத்தில் உங்கள் கீபோர்டின் பெயரைக் கண்டுபிடித்து இயக்க வேண்டும். ஏபிள்டனில் அந்தப் பெயருக்கு எதிரே டிராக் என்ற கட்டத்தையும், எஃப்எல் ஸ்டுடியோவில் எஃப்10 அழுத்தி வரும் பக்கத்தில் எனேபிள் என்பதையும் இயக்குங்கள். ரீப்பரில் மிடி பகுதியில் இன்புட்டை இயக்கியபின் டிராக்கை ஆர்ம் செய்து (ரெக்கார்டுக்குத் தயாராக்கி), அதன் இன்புட்டை மிடி என்று மாற்றவும் வேண்டும். புதிய டிராக் ஆடியோ இன்புட்டைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். லாஜிக், கராஜ்பேண்ட், கியூபேஸ் மூன்றும் பெரும்பாலும் தாமாகவே பிடித்துக்கொள்ளும்.

பட்டியலில் ஒரே கீபோர்டுக்கு இரண்டு பெயர்கள் தெரிந்தால் நிதானியுங்கள். இப்போதைய கன்ட்ரோலர்களில் ஒரு போர்ட் கட்டைகளுக்கு, இன்னொன்று பிளே, ஸ்டாப், ஃபேடர் போன்ற பொத்தான்களுக்கு. கட்டைகளுக்கான போர்ட்டை மட்டும் நோட் இன்புட்டாக வையுங்கள். இரண்டையும் நோட் இன்புட்டாக இயக்கினால், சில கருவிகளில் ஒவ்வொரு நோட்டும் இரண்டு முறை பதிவாகும். கேட்டால் சத்தம் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல மெலிந்து சுழலும். பியானோ ரோலில், அதாவது பதிவான நோட்டுகளைக் காட்டும் கட்டத் திரையில், ஒரு நோட்டை நகர்த்தினால் அதற்கடியில் அப்படியே இன்னொன்று இருக்கும். சொந்தமாகச் சத்தம் உள்ள டிஜிட்டல் பியானோவை இணைத்தாலும் இதே அறிகுறி வரும். அங்கே காரணம் வேறு: பியானோ தன் சத்தத்தையும் கொடுக்கிறது, மென்பொருள் வழியாக வரும் சத்தமும் சேர்கிறது. பியானோவின் அமைப்பில் லோக்கல் கன்ட்ரோலை அணைத்துவிட்டால் கட்டைகள் எண்களை அனுப்புவதோடு நின்றுவிடும்.

எல்லாம் சரி, மிடி விளக்கு மினுக்குகிறது, இருந்தும் சத்தம் இல்லை என்றால் பிளகினைப் பாருங்கள். வயலின், செல்லோ போன்ற ஆர்க்கெஸ்ட்ரா கருவிகளின் பல பிளகின்களில் நீண்ட நோட்டின் ஒலியளவை வெலாசிட்டி தீர்மானிப்பதில்லை. மாடுலேஷன் வீல்தான், அதாவது சிசி 1, தீர்மானிக்கிறது (சிசி என்பது வீல், பெடல் போன்றவை அனுப்பும் கட்டுப்பாட்டுச் செய்தி). வீல் அடியில் கிடந்தால் கருவி கிட்டத்தட்ட ஊமைதான். வீலை மேலே தள்ளியபடி வாசித்துப் பாருங்கள். ஆக்டேவ் பொத்தானும் அப்படித்தான். தெரியாமல் இரண்டு முறை அழுத்தியிருந்தால், அந்தக் கருவியில் இல்லாத நோட்டுகளையே வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆக்டேவ் என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 60-ஆம் நோட்டை, அதாவது நடு சி-யை, ஏபிள்டனும் கியூபேஸும் சி3 என்கின்றன, ரீப்பர் சி4 என்கிறது, எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்கிறது. மூன்றும் ஒரே சத்தம். யாராவது சி3-இல் வாசியுங்கள் என்று சொன்னால் எந்த மென்பொருளில் என்று கேளுங்கள், அல்லது நோட் எண்ணைக் கேளுங்கள். டிரம்ஸுக்கு இது இன்னும் அவசியம்: பொதுவான வரிசையில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹேட் 42, திறந்த ஹைஹேட் 46.

இனி தாமதம். கேட்பவர்கள் பெரும்பாலும் கீபோர்டைத்தான் குறை சொல்கிறார்கள், ஆனால் அங்கே அநேகமாகத் தவறே இருக்காது. பழைய 5 முள் கேபிளில்கூட நொடிக்கு 31,250 பிட் செல்லும். ஒரு நோட்டின் மூன்று எண்கள் போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லிநொடி போதும். தாமதம் சேர்வது ஆடியோ பக்கத்தில். கணினி சத்தத்தைக் கணக்கிட்டு மொத்தம் மொத்தமாக வெளியே அனுப்புகிறது. அந்த மொத்தத்தின் அளவுதான் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் நுண் அளவீடு) என்ற வேகத்தில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.9 மில்லிநொடி, 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. இதற்குமேல் கருவியின் உள்தாமதமும் கொஞ்சம் சேரும். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் வரவே கிட்டத்தட்ட 2.9 மில்லிநொடி ஆகிறது என்பதை நினைத்தால் 128 பஃபர் என்பது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்வதற்குச் சமம். விரலுக்கு அது உறைக்காது. 1024 எட்டு மீட்டர் தள்ளி உட்கார்வதற்குச் சமம். அதில் தாளம் பிசகாமல் வாசிப்பது கடினம்.

ஆகவே வாசிக்கும்போது பஃபர் 64 அல்லது 128, மிக்ஸ் செய்யும்போது 512 அல்லது 1024. குறைத்தவுடன் டப்டப் என்று வெடிப்புச் சத்தம் கேட்டால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு படி ஏற்றுங்கள், அல்லது ஏற்கனவே முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்து (தற்காலிகமாக ஆடியோவாக மாற்றி) சுமையைக் குறையுங்கள்.

வின்டோஸில் பஃபருக்கும் முன்னால் பார்க்க வேண்டியது டிரைவர் வகை. எம்எம்இ, டைரக்ட்எக்ஸ் போன்ற பழைய வகைகளில் தாமதம் போதுமான அளவு குறைவது அரிது. ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் அதைத் தயாரித்தவர்களின் ஏசியோதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரோ, எஃப்எல் ஸ்டுடியோவுடன் வரும் ஏசியோவோ சமாளிக்கும். மேக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எந்தக் கணினியானாலும் புளூடூத் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்காதீர்கள். அது மட்டுமே நூறு மில்லிநொடிக்கு மேல் தாமதம் சேர்க்கக்கூடும். பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அதைச் சரிசெய்ய வழியில்லை. கம்பி உள்ள ஹெட்போன்தான் வேண்டும்.

பஃபர் 64, ஏசியோ, கம்பி ஹெட்போன் எல்லாம் இருந்தும் தாமதம் என்றால் எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் போட்டிருக்கும் பிளகின்களைப் பாருங்கள். முன்கூட்டியே எட்டிப் பார்க்கும் லிமிட்டர் (ஒலி எல்லை மீறாமல் தடுப்பது), லீனியர் ஃபேஸ் ஈக்யூ (ஒலியின் தன்மையைத் திருத்துவது) போன்றவை தம் வேலைக்காகச் சத்தத்தைச் சற்று நிறுத்திவைக்கின்றன. மற்ற டிராக்குகளும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது. பாதிப் பாட்டு முடியும்வரை நன்றாக இருந்தது, திடீரென்று தாமதமாகிவிட்டது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ரெக்கார்ட் செய்யும்வரை அவற்றை அணைத்து வையுங்கள். லாஜிக்கின் லோ லேட்டன்சி மோடும், கியூபேஸின் கன்ஸ்ட்ரெயின் டிலே காம்பன்சேஷனும் இதற்காகவே இருக்கின்றன.

ரெக்கார்டுக்கு வருவோம். மெட்ரோனோமை இயக்கி, ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) கவுன்ட்-இன், அதாவது தொடங்குமுன் எண்ணும் இடம், வைத்து, பாட்டை முதல் பாரில் தொடங்காமல் இரண்டாவது அல்லது மூன்றாவது பாரில் தொடங்குங்கள். காரணம் இருக்கிறது. நல்ல வாசிப்பாளர்களும் முதல் நோட்டை ஒரு நூலிழை முன்னதாக அழுத்துவது இயல்பு. ரெக்கார்ட் சரியாக முதல் பாரில் தொடங்கினால் அந்த நோட் எல்லைக்கு வெளியே விழுந்துவிடும். வாசிக்கும்போது கேட்டது, திரும்பப் போட்டால் முதல் நோட்டை மட்டும் காணோம் என்ற புகாருக்கு இதுதான் பின்னணி.

ரெக்கார்ட் பொத்தானை அழுத்தாமலே ஒரு நல்ல மெட்டு கைக்கு வந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஏபிள்டனில் கேப்சர் மிடி, கியூபேஸில் ரெட்ராஸ்பெக்டிவ் ரெக்கார்ட், எஃப்எல் ஸ்டுடியோவில் டூல்ஸ் மெனுவில் டம்ப் ஸ்கோர் லாக் ஆகியவை நீங்கள் சற்றுமுன் வாசித்ததை எடுத்துத் தரும். இந்த ஒரு வசதியை மட்டும் இன்றைக்கே பழகிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன், ஏனென்றால் சிவப்பு விளக்கு எரியாதபோதுதான் விரல் தயக்கமில்லாமல் ஓடுகிறது.

வாசித்து முடித்தபின் குவாண்டைஸ் செய்யும்போது, அதாவது நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு இழுத்துச் சேர்க்கும்போது, 100 சதவீதத்துக்குப் போகாதீர்கள். 60 முதல் 80 சதவீதம் வைத்தால் தாளம் தவறாமல் இருக்கும், வாசித்தவரின் கையும் தெரியும். கட்டத்தை அந்தப் பகுதியின் மிகச் சிறிய நோட்டுக்கேற்ப வையுங்கள். திஸ்ர நடையில் வாசித்ததை நேரான பதினாறில் ஒன்று கட்டத்தில் குவாண்டைஸ் செய்தால் நடையே சிதைந்துவிடும். பியானோ கார்டில் நோட்டுகள் இம்மி முன்பின்னாக விழுவது தவறல்ல; எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்தினால்தான் பொம்மைப் பியானோபோல ஒலிக்கும். அதைவிட முக்கியம் வெலாசிட்டி. நல்ல பியானோ பிளகின்களில் மெல்லத் தொட்ட ஒலியும் ஓங்கி அடித்த ஒலியும் தனித்தனியாகப் பதிவுசெய்து அடுக்கப்பட்டிருக்கும், எண் மாறினால் குரலே மாறும். உங்கள் விரல் அழுத்தத்துக்கு எப்போதும் 110-க்கு மேலேயே எண் வருகிறது என்றால் கீபோர்டின் வெலாசிட்டி கர்வை மாற்றுங்கள். ஒரே ஒரு கட்டை மட்டும் எப்படித் தொட்டாலும் 127 கொடுத்தால் அமைப்பில் குறையில்லை. அந்தக் கட்டைக்கு அடியிலுள்ள மின்தொடர்பில் தூசியோ தேய்மானமோ இருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

சஸ்டெயின் பெடலில் தலைகீழ்க் கோளாறு அடிக்கடி வரும்: மிதித்தால் நிற்கிறது, விட்டால் நீள்கிறது. பல கீபோர்டுகள் இயங்கத் தொடங்கும் கணத்தில் பெடலின் நிலையைப் பார்த்து அதையே மிதிக்காத நிலை என்று வைத்துக்கொள்ளும். பெடலை முதலில் செருகி, அதன்மேல் கால் வைக்காமல் கீபோர்டை இயக்குங்கள். பெடல் சிசி 64-ஆகப் பதிவாகிறது. 63 வரை விட்டது, 64 முதல் மிதித்தது. ரெக்கார்ட் செய்த பகுதியை நடுவில் வெட்டும்போது பெடலை விட்ட எண் வெட்டுக்கு வெளியே போய்விட்டால் அதற்குப்பின் எல்லா நோட்டும் ஓயாமல் ஒலிக்கும். பியானோ ரோலின் கீழே சிசி 64 வரிசையைத் திறந்து, வெட்டிய இடத்தில் ஒரு 0 போட்டால் நின்றுவிடும். நோட் முடிந்தது என்ற செய்தி போய்ச்சேராமல் ஒரு நோட் மட்டும் மாட்டிக்கொண்டால் பேனிக் பொத்தானை அழுத்துங்கள், அல்லது எல்லா நோட்டையும் நிறுத்தச் சொல்லும் சிசி 123-ஐ அனுப்புங்கள்.

வழுக்கி இழுக்கும் சுரங்களுக்குப் பிட்ச் பெண்ட் வீல். இது மற்ற எண்களைப்போல 128 படிகளோடு நிற்பதில்லை. 0 முதல் 16,383 வரை போகும், நடு 8192. பெரும்பாலான சிந்தசைசர்களில் வீலை முழுக்கத் தள்ளினால் மேலே இரண்டு அரைச்சுரம், இழுத்தால் கீழே இரண்டு. அதற்குமேல் இழுக்க வேண்டுமானால் பிளகினுக்குள் பெண்ட் ரேஞ்சை மாற்ற வேண்டும், கீபோர்டில் எதைத் திருகினாலும் பெரும்பாலும் பயனில்லை. கமகங்களுக்கு 12 வரை ஏற்றிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் வீலின் சிறு அசைவே சுரத்தைத் தாண்டிப் போகும். 2 அல்லது 3-இல் பழகி, நீளமான இழுப்புகளுக்கு மட்டும் ரேஞ்சை ஏற்றுவது கைக்கு நல்லது.

திருகு பொத்தான்களை மென்பொருளோடு இணைப்பது எளிது. மிடி லேர்ன் என்பதை இயக்கி, திரையில் ஒரு குமிழைத் தொட்டு, கையில் உள்ளதைத் திருகினால் போதும். இணைத்தபின் தொட்டவுடன் மதிப்பு குதிக்கிறதே என்று பதறாதீர்கள். திரையில் 90 இருக்கும்போது உங்கள் திருகு 20-இல் நிற்கிறது, அவ்வளவுதான். பிக்கப் அல்லது டேக்ஓவர் என்ற அமைப்பை இயக்கினால், உங்கள் திருகு 90-ஐக் கடந்த பிறகுதான் பிடித்துக்கொள்ளும்.

வேறொருவருக்கு வேலையை அனுப்பும்போது மிடி கோப்பை மட்டும் அனுப்பினால் அவரிடம் நோட்டுகள்தான் போகும், உங்கள் பியானோவின் குரல் போகாது. அவர் கணினியில் அதே பிளகின் இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒலிக்கும். ஒவ்வொரு டிராக்கையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து, மிடி கோப்பையும் டெம்போ எண்ணையும் கூடவே வைத்து அனுப்புங்கள். ஒரு நோட்டை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் மிடி இருக்கும், உங்கள் குரலே வேண்டுமென்றால் வேவ் இருக்கும்.